சோற்றுக்கு முன் ஒரு சொல்

ஜனவரி 2, வியாழன்

புத்தாண்டுக்கு வக்கீல்கள் கொடுக்கும் டைரியை வழக்கமாக என் மனைவி பூங்காவனத்திடம் கொடுத்துவிடுவேன். அவள் அதில் புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பழகுவாள். இந்த வருஷம் கொடுக்கவில்லை. மார்ச் மாதம் பத்திரிகைக்காரர்கள் வந்து, "சார், உங்க பெண்ணை எப்படித் தயார் பண்ணீங்க?" என்று கேட்கும்போது நான் திருதிருவென்று முழிக்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஏற்காட்டில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், பிள்ளைகளுக்குக் குதிரை ஏற்றம்கூட உண்டாம். அவர்கள் வருஷாவருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்போட்டி நடத்துகிறார்கள். மேடையில் நிறுத்தி ஒரு வார்த்தையைக் கொடுப்பார்கள். அதற்கு என்ன பொருள், அது எங்கே பிறந்து எப்படி ஆங்கிலத்துக்கு வந்தது, அதை வைத்து ஒரு வாக்கியம், இவ்வளவையும் சொல்ல வேண்டும். மாநிலத்தில் முதலாவதாக வருகிற ஒரே ஒரு பிள்ளைக்கு எட்டாவதிலிருந்து பள்ளி முடிகிற வரைக்கும் அங்கேயே தங்கிப் படிக்க இடம். எல்லாம் இலவசம். என் மூத்த மகள் எழிலரசி மாவட்டத்தில் முதலாவதாக வந்துவிட்டாள். இறுதிப் போட்டி மார்ச் 22, சென்னையில்.

கோர்ட்டில் நான் சிரஸ்தார். ஆபீஸ் முழுவதையும் கட்டி மேய்ப்பவன் என்று பொருள். நான் எழுதும் ஆங்கிலத்தை முதுகுக்குப் பின்னால் படித்துவிட்டுச் சிரிக்கிற கூட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. மார்ச் 22க்குப் பிறகு சிரிக்கட்டும், பார்க்கலாம்.

ஜனவரி 3, வெள்ளி

எங்கள் வீட்டு முறையை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். பேட்டியில் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு நான்கு தட்டு. எனக்கு, பூங்காவனத்துக்கு, எழிலுக்கு, இரண்டாவது படிக்கும் சின்னவள் பவித்ராவுக்கு. சோறு போட்டு, குழம்பு ஊற்றி, பொரியல் வைத்து எல்லாம் ஆன பிறகு நான் ஒரு வார்த்தையைச் சொல்வேன். எழில் எழுந்து நின்று பொருள், பிறப்பு, வாக்கியம் மூன்றையும் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும் வரை யார் கையும் தட்டில் படக் கூடாது. என் கையும்தான். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டம். சாயங்காலம் கோர்ட்டுக்கு எதிரே நான் இரண்டு போண்டா சாப்பிடுவது வேறு விஷயம். சுகர் இருப்பவன் வயிற்றைக் காயப்போடக் கூடாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

ஆரம்பத்தில் எழிலை மட்டும்தான் பட்டினி போட்டேன். அழுத்தக்காரி. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் தங்கையின் தட்டையும் சேர்த்து நிறுத்தினேன். பவி சோற்றைப் பார்த்து எச்சில் விழுங்கியதுதான் தாமதம், பெரியவளின் வாயிலிருந்து வார்த்தை கொட்டியது. அன்றிலிருந்து இதுதான் முறை. எந்த நூலிலும் படித்து வந்ததில்லை, நானே கண்டுபிடித்தது.

ஜனவரி 8, புதன்

குழம்பு ஆறி ஆடை கட்டிவிட்டது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பூங்காவனத்தின் தம்பி வேலு கரும்பு, மஞ்சள் கொத்து, புது வேட்டி சேலையுடன் வரிசை கொண்டுவந்தான். "இன்னிக்கு ஒரு நாளு வார்த்தைக்கு லீவு உடுங்களேன்" என்றாள் பூங்காவனம். பண்டிகை என்று சூரியன் லீவு எடுத்ததா என்று கேட்டேன்.

மத்தியானம் இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் வைத்ததும் வார்த்தையைச் சொன்னேன். எழில் தடுமாறினாள். தாய்மாமன் எதிரே உட்கார்ந்திருந்தது அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். வேலு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான், கொஞ்ச நேரம் இலையைப் பார்த்தான். பிறகு, "மாமா, கொயந்தைங்க பசியோட இருக்குது. துன்னட்டும், அப்பறம் கேளுங்க" என்றான்.

"உன் வீட்ல நீ அப்படி நடத்து" என்றேன்.

சாப்பிடாமலே எழுந்து போய்விட்டான். ரோஷக்காரன். அவன் தெரு முனை திரும்புவதற்குள் எழில் சொல்லி முடித்துவிட்டாள். பொங்கல் கெட்டியாகியிருந்தது, ஆனால் நெய் நல்ல நெய். பூங்காவனம் தலைவலி என்று சாப்பிடவில்லை.

ஜனவரி 25, சனி

முந்தைய வருஷங்களின் இறுதிச் சுற்றில் வந்த வார்த்தைகளைத் தேடிப் பிடித்தேன். ஒரு விஷயம் புலப்பட்டது. கடைசியில் இரண்டு பேர் மிஞ்சும்போது அவர்கள் பயத்தைக் குறிக்கும் வினைச்சொல் ஒன்றைத்தான் தூக்கிப் போடுகிறார்கள். ஆகவே இனிமேல் நம் வீட்டில் பயம்தான் பாடம்.

தமிழில் பயத்துக்கா பஞ்சம்? வெலவெலக்கலாம், வெடவெடக்கலாம், குலைநடுங்கலாம், கதிகலங்கலாம், பேயறைந்த மாதிரி நிற்கலாம். ஆங்கிலக்காரனும் சளைத்தவன் இல்லை. ‘ஹாரிஃபை’ என்றால் மயிர் குத்திட்டு நிற்பது. ‘அப்பால்’ என்றால் முகம் வெளுத்துப்போவது. எனக்குப் பிடித்தது ‘பெட்ரிஃபை’. கிரேக்கத்தில் பெட்ரா என்றால் பாறை, லத்தீனில் ஃபேசெரே என்றால் ஆக்குவது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆளைப் பாறையாக ஆக்கிவிடுகிற பயம். ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது. மற்றதெல்லாம் சில்லறைப் பயம்.

சாப்பாட்டுக்கு முன் இதையெல்லாம் விளக்கினேன். எழில் ஒருமுறை கேட்டதுமே பிடித்துக்கொண்டாள். பூங்காவனம் மட்டும், "இவ்ளோ பயத்தையும் நம்ம வூட்டுக்குள்ளதான் வச்சிப் படிக்கணுமா?" என்றாள். சிரித்துவிட்டேன். படிக்காதவளிடம் இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது?

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று குடும்பத்தோடு திருவக்கரை. அங்கே கல்மரங்கள் இருக்கின்றன. ‘பெட்ரிஃபை’ என்ற வார்த்தை முதன்முதலில் ஆங்கிலத்தில் மனிதப் பயத்துக்காக வரவில்லை. மரமும் எலும்பும் நிஜமாகவே கல்லாவதைச் சொல்லத்தான் வந்தது. ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்துத்தான் அதைப் பயத்துக்கும் இழுத்துக்கொண்டார்கள். புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும், தொட்டுப் பார்த்தால் மறக்காது என்பது என் கொள்கை.

வேலி போட்ட பொட்டல். முள்ளும் புளியமரமும். நடுவில் யானை படுத்த மாதிரி அடிமரங்கள் கிடக்கின்றன. பட்டை, கணு, உள்ளே வளையம் எல்லாம் அப்படியே இருக்கிறது. தட்டினால் கல். ஊர்க்காரர்கள் இதை அசுரனின் எலும்பு என்கிறார்கள். நான் சரியான விளக்கத்தைச் சொன்னேன். ஆற்று மணலில் புதைந்த மரத்துக்குள் தண்ணீர் இறங்கும், அதில் கரைந்திருக்கும் கல்சத்து மரம் இருந்த இடத்தில் துளித்துளியாக உட்காரும், கடைசியில் உருவம் மட்டும் மரம்.

பவி குனிந்து ஒரு கணுவைத் தடவினாள். "மரத்துக்கு வலிச்சிருக்குமாப்பா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் எழில் சொன்னாள்: "இல்ல பவி. ஒரே நாள்ல ஆவறதில்ல. கொஞ்சங்கொஞ்சமாத்தான் ஆவும். அதனால மரத்துக்கே தெரியாது." நல்ல வாக்கியம். ஆங்கிலத்தில் மாற்றி மனப்பாடம் செய்துகொள்ளச் சொன்னேன்.

பிறகு அவளை இரண்டு கல்மரங்களுக்கு நடுவில் நிறுத்தி, "இப்ப நீயும் கல்லு. நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. அப்பதான் வார்த்தை உடம்புல ஏறும்" என்றேன். பேப்பரில் போடுவதற்குப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன். பூங்காவனத்தையும் பவியையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கரும்புச்சாறு விற்றார்கள். அங்கே தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் பிடித்துக்கொண்டார். பேச்சு எங்கெங்கோ போயிற்று. பூங்காவனம் மூன்று முறை என் சட்டையை இழுத்தாள். நான்கு பேர் முன்னால் சட்டையை இழுக்கும் பழக்கத்தை அவள் விட வேண்டும்.

திரும்பிப் போனபோது எழில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நிழல் எப்போதோ நகர்ந்துவிட்டிருந்தது. பாதத்தில் செவ்வெறும்பு ஏறிக் கணுக்கால் வரை சிவந்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது. "போதும் வா" என்றேன். அசையவில்லை. இன்னொரு முறை சொன்னேன். அதட்டியும் பார்த்தேன். பூங்காவனம் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, "கண்ணு, என்னப் பாரு, அம்மாடி" என்று உலுக்கிய பிறகுதான் இமை ஆடியது.

வெயில் எனக்கும் தலைக்கு ஏறியிருக்க வேண்டும். கொஞ்சம் படபடப்பாக இருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறாள் என்பதில் சந்தோஷம்.

பிப்ரவரி 3, திங்கள்

எழிலுக்குக் காய்ச்சல். படுத்தபடியே சொல்லலாம் என்று சலுகை கொடுத்தேன். சொன்னாள்.

பிப்ரவரி 12, புதன்

பள்ளியிலிருந்து வகுப்பு டீச்சர் கூப்பிட்டார். எழில் வகுப்பில் யாரோடும் பேசுவதில்லையாம். மதிய உணவு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது "சாப்பிடு" என்று சொல்லும் வரை சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம். "வீட்டுல எதாவது பிரச்சினையா சார்?" என்று கேட்டார்.

வாயாடுகிறாள் என்று புகார் செய்து கேள்விப்பட்டிருக்கிறேன். வாயாடவில்லை என்பதும் ஒரு புகாரா? வளர்ப்பு அப்படி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

போட்டிக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது. அதற்குள் பூங்காவனம் கருநீலத்தில் ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள். உள்பக்கம் எழிலின் பெயரை நூலால் தைத்திருக்கிறாள். பெட்டி ஒன்றைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். கேட்டால், "அங்க குளுரும்ல" என்கிறாள். பெண்ணை வீட்டைவிட்டு அனுப்ப இவ்வளவு அவசரப்படுகிற தாயை நான் பார்த்ததில்லை.

எழிலும் இப்போது யாரும் எழுப்பாமலே விடியற்காலையில் எழுந்து படிக்கிறாள். பள்ளிக்கூடத்தார் அனுப்பிய விளம்பரத் தாளிலிருந்து படத்தைக் கத்தரித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். மலைச்சரிவில் நீளமான கட்டடம், முன்னால் பெரிய சாப்பாட்டுக் கூடம், பிள்ளைகள் சிரித்தபடி சாப்பிடுகிறார்கள். எனக்குப் பெருமை வாங்கித் தர வேண்டும் என்ற வெறி அவளுக்கு வந்துவிட்டது. என் ரத்தம் அல்லவா!

மார்ச் 1, சனி

எதிர்காலத் திட்டத்தை இன்று சாப்பாட்டின்போது அறிவித்தேன். ஜூன் மாதம் எழில் ஏற்காடு போனதும், மறுநாளிலிருந்து அவள் இடத்தில் பவி. இவ்வளவு அருமையான முறையை ஒரே பிள்ளையோடு விட்டுவிட எனக்கு மனசில்லை. சின்ன வயசிலேயே ஆரம்பித்தால் பவி அக்காவையும் தாண்டிவிடுவாள்.

எழிலின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. வார்த்தை சொல்லி முடித்தாயிற்று, சாப்பிட அனுமதியும் கொடுத்தாயிற்று, இருந்தும் நின்றுவிட்டது.

"பவி வேணாம்ப்பா. அவ சின்னது. அவளால பசி தாங்க முடியாது."

"நீ தாங்கலியா?"

"நான் வேறப்பா."

"எல்லாம் பழகினா வரும்" என்றேன். பவி ஒன்றும் புரியாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். பூங்காவனம் மோர் எடுக்கப் போனவள் அடுக்களையிலிருந்து வெகுநேரம் வரவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போது எழில் வந்து நின்றாள். தானாக வந்து என்னோடு பேசி எத்தனையோ நாளாகிறது.

"அப்பா, நான் ஏற்காட்டுக்குப் போகாம இங்கயே இருந்தா, பவிய உக்கார வைக்க மாட்டீங்க இல்ல?"

சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவைப் பிரிய மனம் வரவில்லை, அதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறாள். "நீ இருந்தா அவ எதுக்குடி எனக்கு? ஒரு வாத்தியாருக்கு ஒரு மாணவி போதும். ஆனா நீ போயிடுவ, பாரேன்" என்றேன்.

"கையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். குழந்தைத்தனம். அடித்துக் கொடுத்தேன். கை சில்லென்று இருந்தது. "தேங்ஸ்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 7, வெள்ளி

அந்தப் பள்ளிக்கூடப் படம் குப்பைக்கூடையில் கிடந்தது. பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிவிட்டது போலிருக்கிறது.

மார்ச் 15, சனி

வார்த்தைகள் தண்ணீர் பட்ட பாடு. எங்கே தட்டினாலும் பேசுகிறாள். இன்று சோதனைக்காக ‘பெட்ரிஃபை’யைக் கொடுத்தேன். மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, மரம், எலும்பு, பிறகு பயம், எல்லாம் வரிசை மாறாமல் வந்தது. சோற்றில் ஆவி பறக்கும்போதே சாப்பிட்டோம். இந்த வீட்டில் சூடாகச் சாப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று என்றாள் பூங்காவனம். இதுதான் அவளுக்குக் கவலை.

அவள் இப்போதெல்லாம் பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுவென்று பாடுகிறாள். எழிலைக் கூப்பிட்டு ஸ்வெட்டரைப் போட்டுக் காட்டச் சொன்னாள். "பவி வளந்ததும் போட்டுக்கட்டும்மா" என்று எழில் மடித்துக் கொடுத்துவிட்டாள். "இது என்னாடி பேச்சு?" என்று அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள் பூங்காவனம். போட்டி நெருங்கினால் பிள்ளைகள் இப்படித்தான் எதையாவது உளறும். நான் கண்டுகொள்ளவில்லை.

மார்ச் 22, சனி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

பெரிய அரங்கம். ஏசி. முன்வரிசையில் பெற்றோருக்கு இடம். நான் கோட் போட்டிருந்தேன். பவி பூங்காவனத்தின் மடியில் இருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தோற்று இறங்கிக்கொண்டே வந்தார்கள். எழில் அசராமல் சொன்னாள். கடைசியில் மேடையில் இரண்டே பேர், நம் எழிலும் நாகர்கோவில் பெண் ஒருத்தியும். என் பக்கத்து நாற்காலிக்காரர், "உங்க பொண்ணா? அற்புதம் சார்" என்று கையைக் குலுக்கினார். இதற்காகத்தான் இத்தனையும் என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்.

கேள்வி கேட்ட அம்மாள் அட்டையைத் திருப்பி, "பெட்ரிஃபை" என்றார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். நம் வார்த்தை! கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய வார்த்தை!

எழில் மைக்கின் முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அந்த அம்மாள் இன்னொரு முறை வார்த்தையைச் சொன்னார். "பதற்றப்படாதேம்மா, தண்ணி வேணுமா?" என்றுகூடக் கேட்டார். எழில் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பதற்றம் இருந்த மாதிரியே தெரியவில்லை. என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. பவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பவி கையை ஆட்டினாள். இவளும் லேசாகக் கையை ஆட்டினாள். மணி அடித்துவிட்டது.

நாகர்கோவில் பெண் கடகடவென்று சொன்னாள். அரங்கம் கைதட்டியது. எழிலும் கைதட்டினாள்.

மேடைப் பயம். அதைத் தவிர வேறென்ன? ஆயிரம் பேரைப் பார்த்ததும் வாயடைத்துப்போய்விட்டது. என் உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

பஸ்ஸில் இடம் காலியாகத்தான் இருந்தது. எழிலை உட்கார விடவில்லை. "நிக்கத்தான உனக்குத் தெரியும், நில்லு" என்றேன். ஊர் வந்து சேரும் வரை நின்றாள். பூங்காவனம் பவியை ஜன்னலோரம் படுக்க வைத்துவிட்டு, எழுந்துபோய் எழிலின் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அவள் அழுதுகொண்டே வந்தாள். எழில் அழவில்லை. நான் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

பேப்பரில் நாகர்கோவில் பெண்ணின் படம். பல் எடுப்பு.

மார்ச் 24, திங்கள்

ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் வந்து ஆறுதல் சொன்னார்கள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டில் இரண்டு நாளாக வார்த்தை கேட்கவில்லை, கேட்பதற்கு இனி என்ன இருக்கிறது? சோறு போட்ட உடனே அவரவர் சாப்பிடுகிறார்கள். பவி பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்கிறாள். அதைக் கேட்டு எழில் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தாள். தோற்றுவிட்டு வந்தவள் சிரிக்கிறாள்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மார்ச் 26, புதன்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். எழில் முடிந்த கதை. முறையில் தவறு இல்லை, பிள்ளையில்தான் தவறு. மூத்தது பாறை, சின்னது இன்னும் களிமண். பவியை நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை, நல்ல நாளில் ஆரம்பித்துவிடுகிறேன். அவள் ஏழாவது வருவதற்குள் அகராதியையே கரைத்துக் குடித்திருப்பாள்.

எழிலிடம் கையில் அடித்துக் கொடுத்தது நினைவில் இருக்கிறது. ஆனால் அது விளையாட்டாகச் செய்தது. தவிர, மைனரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. கோர்ட்டில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது தெரியாதா?

மார்ச் 28, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், கீரை. பரிமாறி முடிந்ததும் பவியை எனக்கு எதிரே வந்து உட்காரச் சொன்னேன். "இனிமே உன் முறை. ஒண்ணுமில்ல, சின்ன வார்த்தைதான். ‘ஸ்கேர்’. எழுந்து நின்னு அர்த்தம் சொல்லு" என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு எழுந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவைப் பார்த்தாள். "இங்க பாரு" என்று அதட்டினேன். விக்கல் வந்துவிட்டது. விக்கலோடு விக்கலாக அழ ஆரம்பித்தாள். அவள் பாவாடை நனைந்து தரையில் ஓடியது. பூங்காவனம் எழப்போனாள். "உக்காரு. அவ சொல்ற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்றேன்.

அப்போது எழில் எழுந்து நின்றாள். நான் அவளைக் கூப்பிடவில்லை.

"பெட்ரிஃபை" என்றாள்.

பிறகு ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள். கிரேக்கப் பாறையிலிருந்து தொடங்கினாள். லத்தீனில் அது எதோடு சேர்ந்தது, பிரெஞ்சுக்காரன் வாயில் எப்படி மாறியது, முதலில் மரமும் எலும்பும் கல்லாவதைச் சொல்ல வந்தது, அப்புறம்தான் ஓடவும் கத்தவும் முடியாத மனுஷப் பயத்துக்கு ஆனது, எல்லாவற்றையும் சொன்னாள். நிதானமாகச் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்ததைவிட அழகாகச் சொன்னாள். கடைசியில் வாக்கியமும் சொன்னாள். அதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: ஒரு காலத்தில் எங்கள் அப்பா என்னைப் பயத்தில் கல்லாக்கிக்கொண்டிருந்தார்.

வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை.

"தெரியுமா உனக்கு?" என்றேன். "அன்னிக்கி மேடையில இது தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன்டி வாயத் தொறக்கல?"

"நான் போகலன்னா பவிய விட்டுடறேன்னு கையில அடிச்சுக் குடுத்தீங்களேப்பா. அதுக்குத்தான்."

குரல் உயரவில்லை. கோபம்கூட இல்லை. கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை என்னை நேருக்கு நேர் பார்த்து நான் கண்டதில்லை.

பூங்காவனத்துக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. அவள் எழிலைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்து பவியின் பாவாடையை மாற்றி, ஈரத்தைத் துடைத்து, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, சின்னவளை மடியில் இழுத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டினாள். "துன்னு கண்ணு" என்றாள். எழிலின் தட்டில் இருந்த ஆறிய சோற்றை எடுத்து வைத்துவிட்டு வேறு சூடாகப் போட்டாள். "நீயும் துன்னு. இந்த வூட்டுல இனிமே சோத்துக்கு முன்னாடி ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா நான் எம் புள்ளைங்களக் கூட்டிக்கினு எந்தம்பி வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்பளத்தைப் பார்த்துச் சொன்னாள்.

நான் எழுந்திருக்க நினைத்தேன். தட்டைத் தூக்கி வீசலாம் என்றுதான் நினைத்தேன். கால் மரத்துப்போயிருந்தது. அதட்ட வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. எழில் சாப்பிட்டுக்கொண்டே இடையிடையே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் பார்க்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிரஷராக இருக்கும். நாளை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

மூன்று பேரும் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். என்னுடைய தட்டு மட்டும் என் எதிரே இருந்தது. யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.